சாவியைத் திருப்பியும் நிற்காத ஜீப்

காவாந்தண்டலத்தில் எந்தக் கிணற்று மோட்டார் நின்றுபோனாலும் வேதகிரியைத்தான் கூப்பிடுவார்கள். வயரிங் வேலை இல்லாத நாட்களில் அவர் அறுப்புக்குப் போவார். ஊரின் பாதி வயல்களுக்கு மின்சாரம் இழுத்துக் கொடுத்தவர் அவர். அவருடைய தெருவில் மட்டும் ஒரு கம்பம்கூட இல்லை. இரண்டு கம்பம் கேட்டு ஒன்றரை வருஷத்துக்கு முன்பே மனு கொடுத்திருந்தார்.

1979இல் பெட்ரோல் விலை ஏறியது. நிறைய நிலம் உள்ள பெரிய குடித்தனக்காரரான வரதன், தன் பழைய ஜீப்பில் டீசல் இன்ஜின் வைக்க முடிவெடுத்தார். சென்னையில் உடைத்த வேன் ஒன்றின் இன்ஜினை வாங்கி வந்தார். உத்திரமேரூர் மெக்கானிக் எல்லப்பன் அதை ஜீப்பில் ஏற்றி போல்ட்டுகளை முடுக்கினார். வயரிங் என்றதும் ஒதுங்கிக்கொண்டார்.

"வண்டி ஆறு வோல்ட்டு, இன்ஜின் பன்னெண்டு வோல்ட்டு. எனக்கு இரும்புதான் தெரியும்" என்றார்.

வேதகிரி வந்தார். ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய வயர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். பின் சீட்டையும் கழற்றி ஷெட்டில் வைத்தார். புது பேட்டரி, புது பல்புகள், ஸ்டார்ட்டருக்கு விரல் தடிமனில் கேபிள், இன்ஜினைச் சூடேற்றும் பிளக்குகளுக்குத் தனி சுவிட்ச். ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் வரதன் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வந்து, வரதன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னாடா இது, சாவி என் பையில கீது, வண்டி ஓடிக்கினு கீது."

"பெட்ரோலுக்குத்தாங்க கரண்டு வேணும், ஐயா. டீசல் ஒருதரம் புடிச்சிக்கிச்சின்னா கரண்டு தேவையில்ல. பம்புல எண்ணெய நிறுத்தணும்" என்ற வேதகிரி, பானெட்டைத் திறந்து, உள்ளே ஆழத்தில் கையை விட்டு ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளினார். இன்ஜின் நின்றது. "அத இழுக்கறதுக்கு ஒரு கேபிள் வேணும். இன்ஜினோட வரல."

வரதன் தானே ஒருமுறை முயன்றார். மணிக்கட்டு சுட்டுக்கொண்டது. அப்புறம் சொன்னார்:

"கேபிள் வர்ற வரிக்கும் நீயும் வண்டில வா."

பின் சீட்டு ஷெட்டில் கிடந்தது. வேதகிரி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

முதல் நாள் டீக்கடைக்கார கன்னியப்பன் வண்டிக்கு இரண்டு டீ போட்டார். வேதகிரியின் தெருக்காரர்களுக்கென்று அந்தக் கடையில் தனி தம்ளர் ஆணியில் தொங்கும். அதை எடுத்தார், மாட்டினார், மறுபடியும் எடுத்தார். வரதன் "சீக்கிரம் குடுப்பா" என்றதும் இரண்டு டீயையும் கண்ணாடி கிளாஸிலேயே நீட்டினார். வேதகிரி அதை நிதானமாகக் குடித்தார்.

அன்று ராத்திரி வேதகிரியின் மனைவி மலர்க்கொடி கேட்டாள்: "சைக்கிள் பிரேக் கம்பி போட்டா இழுக்காதா?"

"இழுக்கும்."

"அப்புறம் இன்னாத்துக்கு நீ கூட சுத்தற?"

"வெள்ளிக்கெழம அவரு நான் மனு குடுத்த கரண்டு ஆபீஸுக்குப் போறாரு."



வெள்ளிக்கிழமை வரதன் தன் புதுக் கிணற்றுக்கு மின் இணைப்புக் கேட்கப் போனார். இன்ஜினை நிறுத்திவிட்டு வேதகிரியும் பின்னாலேயே உள்ளே போனார். ஜீப்பின் முன் சீட்டிலிருந்து இறங்கியதை ஜன்னல் வழியே பார்த்திருந்த குமாஸ்தா, அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார். ஒன்றரை வருஷமாக வேதகிரி அந்த அறையில் நின்றுதான் பேசியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தங்களுக்கு என்ன விஷயம்?"

வேதகிரி மனுவின் தேதியைச் சொன்னார். குமாஸ்தா இரண்டாவது காகிதக் கட்டிலேயே அதை எடுத்துவிட்டார். வரதன் அதைக் கையில் வாங்கிப் படித்தார். கீழே முப்பத்தொரு கைநாட்டு இருந்தது.

"நம்ம ஊர்தான் இது," என்றார் வரதன், குமாஸ்தாவிடம். "ரெண்டையும் சேத்து அனுப்பிடுங்க."

திரும்பும் வழியில் வரதன் கேட்டார்: "கேபிள் எப்பதான் வரும்?"

"நாளைக்கி வந்துருங்க, ஐயா."

மறுநாள் பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது. வரதன் குனிந்து பார்த்தார்.

"சைக்கிள் கம்பிதான இது?"

"ஆமாங்க."

வரதன் இன்ஜினை ஓடவிட்டு அதை இழுத்தார். இன்ஜின் நின்றது. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.

தை மாதம் கம்பங்கள் வந்தன. தன் தெருவில் இருபத்திரண்டு வீடுகளுக்கு வேதகிரியே வயரிங் செய்தார். தன் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார். அதற்குள் சுவிட்ச் தீர்ந்துபோனதால், மலர்க்கொடி ஒரு மாதம் பல்பைத் திருகித்தான் அணைத்தாள்.