முழு செட்டா, டென்ஷனர் மட்டுமா

மலாய் நாட்டில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், காலையில் சாவியைத் திருப்பியதும் எங்கள் பழைய காரிலிருந்து ஒரு சத்தம் வரும். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கும். மூன்று விநாடி, அதிகம் போனால் நான்கு. பிறகு இஞ்சின் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு காரில் ஏறிச் சட்டென்று புறப்பட்டுப் போய்விடுவார்கள். நான் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த மூன்று விநாடி கழியக் காத்திருப்பேன். திருச்சியில் நான் ஸ்கூட்டியைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. இங்கே வந்து கார் ஓட்டக் கற்றேன். கற்றதனால்தான் இந்தப் பயமும் வந்தது.

மகள் இனியாவுக்கு நான்கு வயது. இன்னும் பேசவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தலைநகரத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் பேச்சுப் பயிற்சி. கணவருக்குத் துறைமுகத்தில் மாறி மாறி ஷிப்ட், அதனால் நான்தான் கூட்டிப் போக வேண்டும். கொமுட்டர் ரயிலில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். கதவு மூடும் ஒலிக்கு அவள் அலறிய அலறலில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அதன் பிறகு பெடரல் ஹைவேதான், லாரிகளுக்கு நடுவில், பின்சீட்டில் அவளோடு.

சத்தத்தைப் பற்றிக் கணவரிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் வந்த சூட்டோடு இஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார். "உனக்கு எதுலதான் சத்தம் கேக்காது சுதா? ஃப்ரிட்ஜுலயும் கேக்குதுன்ன" என்று சிரித்தார். அருகில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு மலாய்த் தம்பியிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி, வாயால் கடகடவென்று ஒலி எழுப்பியும் காட்டினேன். அவர் அக்கறையோடு தலையாட்டி, நான்கு சக்கரங்களையும் ஆட்டிப் பார்த்து, டயருக்குக் காற்றும் அடித்துக் கொடுத்தார். வேண்டியது அதுவல்ல என்று சொல்லத் தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

யாருக்கும் கேட்காத ஒன்று எனக்கு மட்டும் கேட்டது இது முதல் முறை அல்ல. இனியாவுக்கு ஒன்றரை வயதில், திருச்சியில் இருந்தபோதே, பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை என்று சொன்னேன். "அவ அப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்றார் மாமியார். டாக்டரும் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். நானும் பொறுத்தேன். பெரியவர்கள் சொல்லும்போது என் கவலையை நானே சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். இங்கே வந்து பயிற்சியில் சேர்த்த அன்று, நீங்கள் முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று அங்கிருந்த பயிற்சியாளர் கேட்டார். நான் சொன்ன வயதை அந்தப் பெண் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும் வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்கு வரும் இன்னொரு தாய் சொல்லித்தான் கிள்ளானில் மெக்கானிக் குணா அண்ணனிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும். இங்கேயே பிறந்தவர். பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லையே லா தங்கச்சி. வீட்ல எப்படி ஸ்டார்ட் பண்ணீங்க?"

"பத்து நிமிஷம் ஓடவிட்டு, சூடானப்புறம்தான் எடுத்தேன் அண்ணே."

"நோயாளிக்கு மருந்து கொடுத்து குணமாக்கிட்டு கிளினிக்குக்கு கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். "அது ஆறிப் போன காடியிலதான் கத்தும். விட்டுட்டுப் போங்க. காலையில வாங்க, நான் தொடமாட்டேன்." கார் அவர் வாயில் காடி.

வண்டியைச் சூடாக்காமல் எடுக்கக் கூடாது என்று ஊரில் அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். எட்டு மாதமாக அந்தச் சத்தத்தை ஒழித்த பிறகே ஒவ்வொருவரிடமும் காரைக் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை இனியாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன். குணா அண்ணன் ஒரு நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை இஞ்சினின் பக்கவாட்டு மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். சாவியைத் திருப்பினேன். கடகடவென்று வந்து அடங்கியது. பானெட்டின் ஓரமாகக் குனிந்திருந்தவர் பக்கக் கண்ணாடி வழியாகப் பின்சீட்டையும் கவனித்திருக்கிறார்.

"பாப்பா நீங்க சாவியத் தொடுறதுக்கு முன்னாடியே காத மூடிருச்சு தங்கச்சி. அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையும் இன்னும் காதில்தான் இருந்தன. தினமும் அப்படித்தான் உட்காருவாள். கார் பயணம் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் கீழ்த் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் மேல்தண்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது டைமிங் செயின். அதை அவர் விரலால் அழுத்தியபோது தொங்கிப் போன கொடிக்கயிறு போல அமுங்கியது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்வது. இரவில் எண்ணெய் வடிந்துவிடுவதால் காலையில் முதல் சில விநாடி பிடி இருக்காது. செயின் உரசிச் செல்லும் பிளாஸ்டிக் பட்டையில் ஆழமாகத் தடம் விழுந்திருந்தது. டென்ஷனரும் நீள வேண்டிய அளவெல்லாம் நீண்டுவிட்டது, இனி நீள இடமில்லை என்றார்.

"செயின் பல்சக்கரத்துல பல்லு ஒண்ணு ரெண்டு தாண்டிச்சுன்னா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். ஹைவேயில நடு லேன்ல இஞ்சின் செத்துடும். எத்தனை நாளா கேக்குது?"

"எட்டு மாசம்."

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எவ்வளவு நாள் இங்க இருப்பீங்க?"

நான் விழித்ததைப் பார்த்து விளக்கினார். "ரெண்டு வழி இருக்கு. டென்ஷனர் மட்டும் மாத்தலாம், சத்தம் போயிடும். ஆனா செயின் அதே தேஞ்ச செயின்தான். இல்லாட்டி செயின், பட்டை, டென்ஷனர்னு முழு செட், செலவு ஜாஸ்தி. ஊர்லேர்ந்து வந்தவங்க பாதிப் பேரு கொஞ்ச நாள்ல காடிய வித்துட்டுப் போயிடுவாங்க, அவங்களுக்கு நான் முழு செட்டு சொல்றதில்ல. அதான் கேட்டேன்."

கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் கிரேன்கள் இரைந்தன.

"டென்ஷனர் மட்டும் மாத்தச் சொல்லு. என் வேலை பாஸ நீட்டிப்பாங்களான்னே தெரியல. அம்மாவும் ஊருக்கே வந்துடுங்கன்னு தினம் சொல்றாங்க. நம்ம மனுஷங்களோட இருந்தா புள்ள பேசிடும்னு."

"சத்தம் மட்டும்தாங்க போகும்."

"போதும்ல?"

அவர் சொல்லைத் தட்டி நான் எதையும் செய்ததில்லை. பயிற்சி இன்னும் இரண்டு வருடமாவது வேண்டும் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் சொல்லியிருந்தார்கள். சத்தம் இல்லை என்பதற்காக எதுவும் சரியாகிவிட்டதாக இன்னொரு முறை என்னால் நம்ப முடியாது.

"முழு செட் மாத்துங்க அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மாலையில் கணவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்போ நாம இங்கதான் இருக்கப் போறோமா?" என்று மட்டும் கேட்டார். "தெரியலங்க" என்றேன். அது உண்மை. பொறுத்தது தவறு என்று எனக்குத் தெரியும். பொறுக்காதது சரியா என்று இன்றுவரை தெரியாது. என்னைப் போல இங்கே வந்தவர்கள் யாராவது அறிந்திருந்தால் சொல்லுங்கள்.

கார் இப்போது அமைதியாக ஸ்டார்ட் ஆகிறது. குணா அண்ணன் ஓட்டுநர் கதவின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். செயினை அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் பார்க்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார். நாங்கள் ஓடும் ஓட்டத்துக்கு அந்த எண்ணைத் தொட நான்கு வருடம் ஆகும். பாஸ் முடிய ஒரு வருடம்கூட இல்லை. திருச்சியில் மாமியார் இனியாவுக்குப் பள்ளி விண்ணப்பம் வாங்கி, அவள் பெயரையும் எங்கள் பழைய முகவரியையும் எழுதி, படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். இரண்டு தாளிலும் நல்ல கையெழுத்து. இரண்டிலும் எங்களை எதிர்பார்க்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, எந்தத் தாளை நோக்கிப் போகிறேன் என்று தெரியாமல், ஹைவேயில் ஏறுகிறேன்.