தம்பியின் ஓட்டத்தைப் பதிவு செய்ய வாங்கிய பெட்டி

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதி என் அவசரத்தால் நடந்தது, மீதி என் கஞ்சத்தனத்தால் நடந்தது. தலையெழுத்து என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடமெல்லாம் நான் எரிந்து விழுந்ததற்கும் அதுதான் காரணம்.

தம்பிக்குத் தசை கரையும் நோய். ஒன்பது வயதில் கால் தடுமாற ஆரம்பித்தது. பதினொன்றில் சக்கர நாற்காலி. பிறகு தோள், பிறகு முழங்கை என்று ஒவ்வொன்றாகப் போய், இருபத்து நான்கு வயதில் அவனுக்கு மிச்சமிருந்தவை இரண்டு கட்டைவிரல்களும் வலது ஆள்காட்டி விரலும்தான். அந்த மூன்றை வைத்துக்கொண்டு நியாலாஸ் ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வீடியோ கேம் கன்சோலில் கார் ஓட்டுவான். மடியில் வைத்த கண்ட்ரோலரில் இடது கட்டைவிரல் திருப்பும், வலது கட்டைவிரல் பிரேக் பிடிக்கும், ஆள்காட்டி விரல் வேகம் கொடுக்கும். அந்த விளையாட்டில் மலைப்பாதை ஒன்று உண்டு. பதினோரு நிமிட ஓட்டம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அதை ஓர் இடத்தில்கூட உரசாமல் ஓட்டி முடிப்பான். கை நன்றாக இருக்கிறவர்களே அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே இதுவும் கொஞ்சம் கொஞ்சமா கொறையும்" என்று அவனிடமே நேராகச் சொன்னார். வீட்டு வாசலில் நாற்காலியை இறக்கும்போது தம்பி கேட்டான்.

"அக்கா, நான் ஓட்டுறத யாராச்சும் முழுசா பாத்துருக்காங்களா?"

"நான் பாக்குறேன்லா."

"நீ எங்க பாக்குற? ஃபோனத்தான் பாப்ப." சிரித்தான். "ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கணும்க்கா. அந்த மலை ரோட்ட முழுசா ஒருவாட்டி. விரல் இருக்கும்போதே."

நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டே, "அதுக்கென்னா, இன்னிக்கே எடுத்துருவோம்" என்றேன். அன்றே கைப்பேசியால் டிவியைப் படம் பிடித்தேன். கோடு கோடாக ஓடியது, ஜன்னல் வெளிச்சம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது, அம்மா சட்டியைப் போட்ட சத்தம் வேறு. தம்பி பார்த்துவிட்டு, "பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல விக்கிற கள்ள சிடி மாதிரி இருக்கு" என்றான்.

அவனுடைய கன்சோல் பழையது, தானாகப் பதிவு செய்யத் தெரியாது. நடுவில் கேப்சர் கார்டு என்று ஒன்றைப் போட்டால் படம் அப்படியே லேப்டாப்புக்குள் போகும் என்று அவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். இணையக் கடையில் பார்த்தேன். முப்பத்தைந்து வெள்ளியிலும் இருந்தது, ஐந்நூறு வெள்ளியிலும் இருந்தது. நான் ஜாசினில் ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் பெயரைப் பதிகிறவள். அம்மா செம்பனைத் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் கூலி. முப்பத்தைந்தையே அமுக்கினேன்.

வந்து சேர ஒன்பது நாள் ஆனது. நெருப்புப்பெட்டி அளவில் ஒரு சாமான். மாட்டினோம். லேப்டாப் திரை முழுக்கக் கறுப்பு. சத்தம்கூட இல்லை. கழற்றி மாட்டினேன், வேறு கேபிள் போட்டேன், விற்றவனுக்குத் திட்டித் திட்டி எழுதினேன். அவன் அனுப்பிய இரண்டாவது கார்டும் கறுப்புத்தான். இதிலேயே மூன்று வாரம் ஓடிவிட்டது. தம்பி ஒவ்வொரு நாளும் காலையில் விரல் இளக வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு வருமாக்கா?" என்று கேட்பான்.

கடைசியில் லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெங்கேராவுக்குப் போனேன். அங்கே ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. தமிழ் முஸ்லிம் குடும்பம். இப்போது மகன் பார்க்கிறார், அவருக்கே ஐம்பது வயதிருக்கும். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, கார்டு மேல தப்பில்ல. ஒங்க கன்சோலு பழைய மாடல்லா. எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியா வர்ற படத்துக்குச் செஞ்சவனே பூட்டு போட்டுட்டான். எந்தக் கார்டுல எடுத்தாலும் கறுப்பாதான் வரும்."

"அலாமாக்! அப்ப வழியே இல்லையாண்ணே?"

"இருக்கு. பச்சை, நீலம், சிவப்புன்னு பழைய கேபிள் இருக்குல்ல, அதுக்குப் பூட்டு இல்ல. ஆனா அதை வாங்கிக்கிற பெட்டி இப்ப புதுசா கிடைக்கிறது கஷ்டம். பாச்சாங்ல கல்யாண வீடியோ எடுக்கிறவரு ஒருத்தர் வச்சிருந்தாரு. கேட்டுப் பாக்குறேன்."

ஒரு வாரத்தில் வாங்கி வைத்துவிட்டார். எண்பது வெள்ளிதான். கல்யாணப் பெட்டி என்று தம்பி அதற்குப் பேரே வைத்தான். வாங்கப் போனபோது கடைக்காரர் இரண்டு கேபிள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று கன்சோலிலிருந்து பெட்டிக்கு, இன்னொன்று பெட்டியிலிருந்து டிவிக்கு.

"ஒன்னு போதும்ணே. படம்தான் லேப்டாப்லயே தெரியுமே, அதைப் பாத்து ஆடிக்குவான்" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மழை வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமென்று நான் கிளம்பிவிட்டேன்.

அன்று சாயங்காலமே மாட்டினோம். படம் வந்தது! பளிச்சென்று வந்தது! அம்மா கைகூடத் தட்டினாள். தம்பி லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு மலைப்பாதையில் காரை விட்டான். முதல் வளைவிலேயே பாறையில் போய் மோதினான். மறுபடி ஓட்டினான், மறுபடி மோதினான். நானும் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பிரேக் புடிச்சேன்க்கா. புடிச்சனே!"

இருபது முறையாவது இருக்கும். அவன் உதடு கோணிக்கொண்டு வந்தது. "எடுத்துடுக்கா" என்றான். கண்ட்ரோலரை மடியிலிருந்து எடுத்தேன். "போயிடுச்சுக்கா. விரல் போயிடுச்சு."

நானும் நம்பினேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. இன்னொரு தடவை பார்ப்போம், வயரைப் பார்ப்போம், யாரையாவது கேட்போம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏதோ பெரிய மனுஷி போல அவன் தலையைத் தடவி, "டாக்டர் சொன்னதுதானேடா" என்றேன். பதினாறு நாள் அவன் கண்ட்ரோலரைத் தொடவில்லை. டிவி பக்கம் திரும்பவும் இல்லை, காலையில் வெந்நீர் கேட்பதையும் நிறுத்திவிட்டான்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமென்றுதான் மறுபடி தெங்கேராவுக்குப் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன் தங்கச்சி. லேப்டாப்புக்குப் படம் கொஞ்சம் லேட்டாதான் போய்ச் சேரும். அதைப் பாத்து ஆட முடியாது. இந்த ரெண்டாவது கேபிள டிவிக்கு மாட்டி, டிவியப் பாத்துதான் ஆடணும். தம்பி கை சரியாதான் இருந்திருக்கும்லா."

கடை வாசலில் நின்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன! கேபிளுக்கு அவர் காசு வாங்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்திச் சொன்னேன். தம்பி என்னையே பார்த்தான்.

"அப்ப விரல் போவலையா?"

"போவலடா! உங்க அக்காவுக்கு மூளைதான் இல்ல!"

அவன் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. உடனே ஆடச் சொன்னேன். காலையில் வெந்நீர் வைத்த பிறகுதான் விரல் நன்றாக மடங்கும், நாளைக்கு எடுப்போம் என்றான். எல்லாவற்றையும் சரியாக மாட்டிவைத்துவிட்டுத் தூங்கினேன்.

விடிந்தால் ஆயுத பூஜை.

நான் எழுந்து வருவதற்குள் அம்மா குளித்து, விளக்கேற்றி, சாமி மேடைக்குக் கீழே எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள். அவளுடைய பாராங் கத்தி, அரிவாள்மனை, என் மோட்டார் சாவி, கிளினிக் பேனா. கூடவே லேப்டாப், கல்யாணப் பெட்டி, தம்பியின் கண்ட்ரோலர். அவனுக்கு அதுதானே ஆயுதம் என்று நினைத்திருக்கிறாள். சந்தனத்தைக் குழைத்து ஒரு பட்டன் விடாமல் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தாள்.

"இன்னிக்கு எதையும் தொடக் கூடாது. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"அம்மா, ஒனக்கென்ன பைத்தியமா?" வீடே அதிரக் கத்தினேன்.

"இத்தன நாளு பொறுத்தவளுக்கு ஒரு நாளு பொறுக்க முடியாதா? சாமிகிட்ட வச்சுக் குடுத்தா புள்ளைக்கு நல்லா வரும்டி."

"விடுக்கா" என்றான் தம்பி. "ஒரு நாள்தானே."

மறுநாள் காலை வெந்நீரில் கை வைத்து, துடைத்து, மடியில் துண்டு விரித்துக் கண்ட்ரோலரை வைத்தேன். டிவியில் மலைப்பாதை. லேப்டாப்பில் பதிவு ஓடத் தொடங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று. மற்ற கார்களெல்லாம் பறந்தன. அவன் கார் நின்றது.

"பட்டன் இறுகியிருக்குக்கா."

பார்த்தேன். வேகம் கொடுக்கும் பட்டனைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து பக்குக் கட்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "ஒன்னாலதான்! எல்லாம் ஒன்னாலதான்!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அம்மா பதறிப்போய்ப் பல் குத்தும் குச்சியைக் கொண்டுவந்தாள். நான் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். இடுக்கில் இருந்ததையெல்லாம் அவள் சுரண்டினாள். கொடுத்தோம், கார் நகரவில்லை. திரும்ப வாங்கித் துடைத்தோம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நானே கெடுத்துட்டனே, என் கையாலயே கெடுத்துட்டனே" என்று அழ ஆரம்பித்தாள்.

மூன்றாவது முறை துடைத்துவிட்டு நான் அமுக்கிப் பார்த்தேன். பட்டன் பூப்போல இறங்கியது. டிவியில் கார் உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. சட்டென்று கையை எடுத்தேன்.

"சரியாயிருச்சு!" என்றாள் அம்மா. "பாத்தியா, போவுது! குடு, அவன்கிட்ட குடு."

கொடுத்தேன். அவன் விரல் பட்டன்மேல் இருந்தது. நகம் வெளுத்தது. கார் நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் ஒட்டுதாப்பா?" என்றாள் அம்மா.

ஆமாம் என்று சொன்னால் அம்மா சாகும்வரை அதைச் சொல்லியே அழுவாள். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"இல்லம்மா. சந்தனம் ஒன்னும் பண்ணல. விரல்தான்."

அந்தப் பதினாறு நாள் ஆடாமல் இருந்ததால்தானா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்.

பதிவை நிறுத்த அன்று யாருக்கும் தோன்றவில்லை. நாற்பது நிமிட வீடியோ லேப்டாப்பில் இருக்கிறது. படம் அவ்வளவு சுத்தம், எங்கேயும் தடங்கல் இல்லை. மற்ற கார்கள் போகின்றன, எங்கள் கார் கோட்டிலேயே நிற்கிறது. நடுவில் ஒரே ஒரு தடவை உறுமிக்கொண்டு கொஞ்ச தூரம் முன்னால் போகிறது. அந்தக் கொஞ்ச தூரம் நான் ஓட்டியது. அவன் ஓட்டியது எதுவும் அதில் இல்லை.