கட்டிலுக்கு ஊசி போடாதீங்க

போன மாதம் ஒரு காலை, எங்கள் வார்டில் தண்ணீர் ஜக்கின் மூடிமேல் நீல நிறக் கைப்பட்டி ஒன்று அறுந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் சேரும்போது பெயரும் வயதும் ஊரும் அச்சடித்து நோயாளியின் மணிக்கட்டில் மாட்டிவிடுவோமே, அந்தப் பிளாஸ்டிக் பட்டி. பழம் நறுக்கும் கத்தியால் அறுத்திருந்தது பார்த்தாலே தெரிந்தது. பட்டியை அறுப்பது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. அரிக்கிறது என்பார்கள், இறுக்குகிறது என்பார்கள், கோயில் கயிறு கட்டிய கையில் இது வேண்டாம் என்பார்கள். ஆனால் அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்ததற்குக் காரணம், அந்தப் பட்டிக்குச் சொந்தக்காரர். இந்த ஆஸ்பத்திரிக்கு அந்தப் பட்டியைக் கொண்டுவந்ததே அவர்தான். அதற்காக எங்களை வருஷக்கணக்கில் ஆட்டிவைத்த எங்கள் பழைய மேட்ரன் அம்மா, இப்போது என் வார்டில் காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு நோயாளியாகப் படுத்திருந்தார்.

நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். "ஆறுக்கு டிரிப் முடிஞ்சிடுச்சு", "பன்னண்டு வாந்தி எடுக்குது" என்றுதான் பேசிக்கொள்வோம். கட்டிலின் தலைமாட்டில் எண் பெரிதாக எழுதியிருக்கும். மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே போனால் வேலை சீக்கிரம் முடியும். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு கோளாறு. எங்கள் ஊர் ஜனங்கள் கொடுத்த கட்டிலில் கொடுத்தபடி படுத்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் புழுக்கத்தில் தவித்தால் தன் இடத்தை விட்டுக்கொடுப்பார்கள். கழிப்பறைக்கு நடக்க முடியாதவருக்காக ஓரக் கட்டிலைக் காலி செய்வார்கள். சேர்ந்த அன்று சாயங்காலத்துக்குள் அக்கா, தங்கச்சி என்று உறவாகி, தலையணை சகிதம் இடம் மாறியிருப்பார்கள். அதை நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றாது.

அந்தக் கோளாறு ஒரு நாள் உயிரை வாங்கப் பார்த்தது. ஜன்னலோரம் ஒன்பதாம் கட்டிலில் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இருந்தார், சர்க்கரை வியாதிக்காரர். பத்தாம் கட்டிலில் தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் பெண். பித்தப்பைக் கல்லுக்கு அன்று அறுவை சிகிச்சை என்பதால் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். பத்தாம் கட்டிலுக்கு மேலே இருந்த மின்விசிறி எப்போதோ நின்றுபோயிருந்தது. நாங்களும் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டோம். அந்தப் பெண் வியர்வையில் நனைவதைப் பொறுக்காமல் மீன்கார அம்மா ஜன்னலோரக் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டார். காலையில் இன்சுலினோடு போன சிஸ்டர், "ஒன்பதுதானே?" என்று கேட்டாள். ஒன்பதாம் கட்டிலில் படுத்திருந்தவள், "ஆமா சிஸ்டர்" என்று கையை நீட்டினாள். ஆபரேஷனுக்கு முந்தைய ஊசி என்று நினைத்தாளாம்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கை நடுங்கியது, நாக்கு குழறியது, உடம்பெல்லாம் சில்லிட்டு வியர்த்தது. நல்லவேளையாக மேட்ரன் அம்மா அந்நேரம் வார்டுக்குள் வந்தார். பார்த்ததுமே சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டார். டாக்டர் ஓடிவந்தார். குளுக்கோஸ் ஏற ஏற அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். ஊசி போட்ட சிஸ்டர் சுவரோடு சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். மேட்ரன் அம்மா மீன்கார அம்மாவிடம் திரும்பி, "யாரைக் கேட்டும்மா கட்டில் மாறினீங்க?" என்று கத்தினார். அந்த அம்மா சளைத்தவரா? "இன்னாம்மா நீ, காத்து இல்லாம அந்தப் பொண்ணு தவிக்குது, பாத்துக்கினு படுத்திருக்கச் சொல்றியா?" என்று திருப்பிக் கத்தினார். மேட்ரன் அம்மா தலையை நிமிர்த்தி, ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த சிஸ்டரை வேலையை விட்டு அனுப்பினால் விஷயம் முடிந்தது என்றுதான் மேலிடம் நினைத்தது. மேட்ரன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நேரே கீழே நிர்வாக அலுவலகத்துக்குப் போய், மேனேஜர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இவளை அனுப்பிட்டு வேற ஒருத்தியக் கொண்டுவந்தா அவளும் இதே தப்பத்தான் பண்ணுவா. முதல்ல ஃபேன் ஓடட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். எலக்ட்ரீஷியன் வந்து விசிறி சுற்றுகிற வரை எழுந்திருக்கவில்லை. மேனேஜர் காபி வரவழைத்துக் கொடுத்தும் தொடவில்லையாம்.

அதோடு விட்டிருந்தால் அவரைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்போம். விடவில்லை. நோயாளியை எண்ணால் குறிப்பிடக் கூடாது என்றார். எல்லோர் கையிலும் பட்டி என்றார். "நீங்கதான் லட்சுமியா?" என்று கேட்கவே கூடாது, "உங்க பேர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் மரியாதைக்காக எதற்கும் தலையாட்டிவிடுவார்கள் என்றார். "கட்டிலுக்கு ஊசி போடாதீங்க, ஆளுக்குப் போடுங்க, வுவாலா!" என்று முடிப்பார். கான்வென்ட்டில் பிரெஞ்சு படித்தவர், 'அவ்வளவுதான்' என்கிற அந்த ஒரு சொல் அவர் வாயில் தங்கிவிட்டது.

சொல்வது சுலபம். கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் கஷ்டம். பெயரோடு கணவர் பெயரையும் கேட்கச் சொன்னார். வயதான பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். "அவரு பேர நான் எப்படிச் சொல்றது? மயில் மேல உக்காந்திருப்பாரே, அந்த சாமி பேரு" என்பார்கள். ஆறுமுகமா, வேலுவா, கந்தனா என்று நாங்கள் ஊசியைக் கையில் பிடித்தபடி விடுகதைக்கு விடை தேடுவோம். சரி, ஊர்ப் பெயரைக் கேட்கலாம் என்று மாற்றினால், ஒரே மீனவக் கிராமத்திலிருந்து அதே பெயரில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள், கடைசியில் வயதையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒழுங்காகப் பதில் சொன்னவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற, நாங்கள் சொல்தா என்று அழைக்கும் சிப்பாய்த் தாத்தா ஒருவர்தான். ஒவ்வொரு மாத்திரைக்கும் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து முழுப்பெயரையும் முழங்குவார். மற்றவர்கள், "காலையிலதானே கேட்ட, அதுக்குள்ள மறந்துட்டியா? என்னைத் தெரியாதா உனக்கு?" என்று சண்டைக்கு வருவார்கள். இதை மேட்ரன் அம்மாவிடம் புலம்பினால், "தெரிஞ்சவங்ககிட்டதான் கேக்காம குடுத்துடுவோம்" என்பார். மருந்து கொடுத்து முடிக்க இரட்டிப்பு நேரம் ஆனது. அவர் தலை மறைந்ததும் அவரைப்போல் பேசிக்காட்டிச் சிரித்தோம். திட்டாத நாள் இல்லை. இருந்தும் அப்படி ஒரு காலை மறுபடி எங்கள் வார்டில் விடியவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது ஆஸ்பத்திரி எங்கேயோ போய்விட்டது. வாசலில் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிறது, கூடத்தில் செயற்கை நீரூற்று கொட்டுகிறது. நான் இப்போது பொறுப்பு நர்ஸாக இருக்கும் வார்டில் ஒரு மின்விசிறி மட்டும் போன மாதம் இரண்டு வாரமாக ஓடாமல் கிடந்தது. மேட்ரன் அம்மாவுக்குத் தனி அறை தருகிறோம் என்றோம். வார்டில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தார். பெரியவராயிற்றே என்று காற்று வரும் ஜன்னலோரக் கட்டிலாகப் பார்த்துக் கொடுத்தேன்.

அன்று காலை அவருக்கான இன்சுலினோடு எங்கள் சிஸ்டர் ஒருத்தி ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள். போர்த்திக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்திருந்தவரைத் தொட்டு எழுப்பி, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டாள். வேறு பெயர் வந்தது. கையைப் பார்த்தாள், பட்டியிலும் அதே வேறு பெயர். லாஸ்பேட்டையிலிருந்து வந்திருந்த பெண், அன்று ஆபரேஷன், வெறும் வயிறு. சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பழைய காலை அப்படியே கண்முன் வந்து நின்றது.

பக்கத்தில், ஓடாத விசிறிக்குக் கீழே, மேட்ரன் அம்மா அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் பட்டி இல்லை, புழுக்கத்தில் அரித்தது என்று அவரே பழக் கத்தியால் அறுத்திருந்தார். "நீங்களே இப்படிப் பண்ணலாமாம்மா?" என்று என் பதவியையும் அவர் வயதையும் மறந்து கத்திவிட்டேன். "அந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்குது. பாத்துக்கிட்டுப் படுத்திருக்கச் சொல்றியா?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று அவருக்கு நினைவு வந்தது போலிருக்கிறது. அந்தப் பெண்ணையும் தட்டிலிருந்த ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

புதுப் பட்டியை அச்சடித்து எடுத்து வந்தேன். "உங்க பேர் என்ன?" என்றேன். "என்னைத் தெரியாதா உனக்கு?" என்றார், பழக்க தோஷத்தில் எல்லா நோயாளியையும்போல. "தெரிஞ்சவங்ககிட்டதான் கேக்காம குடுத்துடுவோம்" என்றேன். அவர் தன் பெயரையும் ஊரையும் வயதையும் பள்ளிப் பிள்ளைபோல ஒப்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் பெயரை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டியை மாட்டிக்கொண்டிருந்தபோது மேலே கையைக் காட்டி, "இதை மாட்டிட்ட, சரி. அதை யாரு பாக்கறது?" என்றார்.

எனக்குக் கோபம் பொங்கியது. அவர்மேல் வந்த கோபமில்லை அது. சிஸ்டரை அவருக்கு இன்சுலின் போடச் சொல்லிவிட்டு, ஜக்கின் மூடிமேல் கிடந்த அறுந்த பட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். நீரூற்றைத் தாண்டி நிர்வாக அலுவலகத்துக்குள் போய், அதை மேனேஜர் மேசைமேல் வைத்தேன். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காபி சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.