கரும்பொன் சுமந்த பழி

எசுத்தர் அம்மையார் மறைந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவன் அவருடைய மருந்தகத்தின் காவற்காரன் சவரிமுத்து. மார்கழிக் காலை, பனி இன்னும் விலகவில்லை. விருதுநகரில் என் வீட்டுச் சுவரில் மிதிவண்டியைச் சாத்திவிட்டு, தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். அவன் நின்ற நிலையே செய்தியைச் சொல்லிவிட்டது.

"நர்சம்மா போயிட்டாகய்யா. விடியக்காலம். தூக்கத்துலயே."

மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவன் போகாமல் அங்கேயே நின்றான்.

"இன்னொண்ணுய்யா. கொட்டகைக்குள்ள போயி அம்மா வண்டி மேல கை வச்சுப் பாத்தேன். சுடுது."

"வெயில் பட்டிருக்கும்" என்றேன்.

"கொட்டகைக்குள்ள வெயில் ஏதுய்யா? அதுவும் இந்தப் பனியில? நாலு மாசமா அதுல சொட்டுப் பெட்ரோல் கிடையாது."

பேயில்லை, பிசாசில்லை, பில்லியில்லை, ஏவலில்லை என்று முப்பது ஆண்டுகளாக மேடைதோறும் முழங்கி வருபவன் நான். அன்று அவனை மறுத்து உரைக்க என்னிடம் ஒரு சொல்லும் எழவில்லை. ஆமத்தூர் வட்டாரத்துப் பெருமக்களே, ஏன் எழவில்லை என்பதைச் சொல்லவே இந்த அஞ்சலியை எழுதுகிறேன். அம்மையாரின் வண்டி மேல் நீங்கள் நெடுங்காலமாக ஒரு பழியை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அதை உரிய இடத்தில் இறக்கிவைக்காமல் அவருக்கு நான் செலுத்தும் எந்த மாலையும் வாடிய மாலையே.

அந்த வண்டி நம் மண்ணுக்கு வந்த கதையை அறியாத இளையோர்க்காகச் சொல்கிறேன். அது சப்பானியப் படைக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்கரின் சீப் வண்டி உலகைச் சுற்றிப் புகழ் ஈட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நான்கு சக்கரங்களும் ஒருங்கே இழுக்கும் சிறு வண்டியைச் சப்பானியர் கண்டுவிட்டனர். நீர் உறையும் மஞ்சூரியக் குளிருக்கும் அந்நாட்டுச் சேற்றுக்கும் ஏற்ப அதைச் செய்தார்களாம். ஆகவே அதன் எந்திரத்துக்குத் தண்ணீரே வேண்டாம். காற்றே அதன் சூட்டை ஆற்றும். பர்மாப் போரில் பிடிபட்டு, சென்னையில் ஏலம் விடப்பட்ட பழம்பொருட்களோடு பொருளாக, சிவகாசித் தீப்பெட்டி ஆலை உரிமையாளர் ஒருவரின் முற்றத்துக்கு அது வந்து சேர்ந்தது. ஒருவராலும் அதைக் கிளப்ப முடியவில்லை. கோழிகள் அதில் அடைகாத்தன.

ஆலைப் பெண்களுக்கு அம்மை ஊசி போட வந்த எசுத்தர் அம்மையார் அதைக் கண்டார். கண்ட இடத்திலேயே நின்றுவிட்டார். போர்க்காலத்தில் இரங்கூன் மருத்துவமனை ஒன்றில் அவர் செவிலி. சப்பானியர் அந்நகரைப் பிடித்தபின்னும் நோயாளிகளை விட்டு வரமாட்டேன் என்று தங்கியவர். மலைக்காய்ச்சலில் கிடந்த சப்பானிய ஓட்டுநன் ஒருவன், நோய் தணிந்த நாட்களில் அவருக்கு இத்தகைய வண்டியை ஓட்டக் கற்றுக் கொடுத்தான். அவன் பெயர் என்ன என்று பின்னாளில் நான் கேட்டபோது, "கேக்க மறந்துட்டேன் அண்ணே. செத்ததுக்கப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார்.

முற்றத்தில் நின்ற வண்டியின் முகப்பைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அவர் சிரித்தாராம்.

"தண்ணி ஊத்துற வாயத் தேடியிருக்கீக. கெடைக்கல. அதனால எண்ணெய் ஊத்துற வாயில ஊத்திருக்கீக."

"மூணு கொடம்" என்று ஒப்புக்கொண்டிருக்கிறான் ஆலையின் எந்திரக்காரன்.

"குடிக்கத் தண்ணியில்லாத ஊருல, தண்ணியே கேக்காத வண்டிக்கு மூணு கொடமா?"

உரிமையாளர் சினந்து, "ஓட்டிக் காட்டுனா நீயே வச்சுக்கத்தா" என்றார். ஒன்பதாம் நாள் ஓட்டிக் காட்டினார். அன்றுமுதல் அது மருந்தக வண்டி.

வண்டியின் நெற்றியில் பொறித்திருந்த சப்பானிய எழுத்துகளுக்குப் பொருள் கேட்டேன். "கருப்பு உலோகம்னு அர்த்தம். அவுக பாசையில இரும்ப அப்பிடித்தான் சொல்லுவாக" என்றார். நான் மெய்சிலிர்த்தேன். இரும்பைக் கரும்பொன் என்று அழைத்தவர் நம் முன்னோர். கடல் கடந்த ஓர் இனம் அதே கண்ணால் அதே பொருளைப் பார்த்திருக்கிறது. அன்றே அவ்வண்டிக்குக் கரும்பொன் என்று பெயர் சூட்டினேன். அம்மையார் தலையை ஆட்டிக்கொண்டார். "அண்ணனுக்குச் சாமி கெடையாது, வண்டிக்கு ரேடியேட்டர் கெடையாது. ரெண்டும் சூடேறிட்டா ஆத்த வழியில்ல."

ஐப்பசி மழையில் நம் கரிசல் எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுவண்டி அச்சுவரை அமிழும். பேருந்து சாலையை விட்டு இறங்காது. அந்தச் சேற்றில் கரும்பொன் மட்டும் நண்டுபோல ஊர்ந்து போகும். பேறுகாலப் பெண்களையும் பாம்பு கடித்தோரையும் வெந்துபோன கைகளையும் அது சுமந்தது. இரண்டு சக்கரம் இழுக்கும் வண்டிகளை அம்மையார் மதிப்பதில்லை. "ரெண்டு இழுத்து ரெண்டு சும்மா கூட வந்தா அதுக்குப் பேரு வண்டியில்ல, கல்யாண ஊர்கோலம்" என்பார்.

பட்டாசு செய்யும் வாணத் தொழிற்கூடங்களுக்கு அவர் செல்லும் முறை தனி. வேலியிலிருந்து நெடுந்தொலைவில், பனைமரம் ஒன்றின் கீழ் வண்டியை நிறுத்துவார். ஆணி அடித்த செருப்போடு எவரும் ஏறவோ இறங்கவோ கூடாது. திறவுகோலை எடுத்தபின்னும் அந்த எந்திரம் உடனே அடங்காது. சூட்டினால் தானாகவே இரண்டு முறை, மூன்று முறை இருமும். முதன்முறை அதைக் கேட்டபோது என் பிடரி சிலிர்த்தது. திறவுகோல் அவர் கையில் இருக்கிறது, வண்டியோ செருமுகிறது. அம்மையார் அதன் முகப்பில் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பார். வெடிமருந்துக்கு ஒரு பொறி போதும் அல்லவா? கை பொறுக்கும் அளவுக்கு இரும்பு ஆறிய பிறகே உள்ளே நடப்பார். "சூடு அடங்காம எதுக்கும் கிட்டப் போகக்கூடாது அண்ணே. மனுசனுக்கும் அதான்."

இனி, என் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம். மல்லாங்கிணற்றில் மாலை நான்கு மணிக்கு என் சொற்பொழிவு. மழையால் வழியெங்கும் சேறு. அம்மையாரிடம் வண்டி கேட்டேன். பட்டாசுப் பருவம் உச்சத்தில் இருந்தது. ஈரத்தோடும் விரைவோடும் கூடங்களில் வேலை நடந்தது. அவர் தயங்கினார்.

"ஒரு மணி நேரம்னா வாரேன். அஞ்சு மணிக்கு எறங்கிரணும். வேலை விடுற நேரத்துல நான் ஆமத்தூருல இருக்கணும்."

"ஒரு மணிக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டேன், தங்கச்சி."

"நீங்க பேச ஆரம்பிச்சா கோழி முட்ட போட்டுக் குஞ்சும் பொரிச்சிரும். பாப்போம்."

போய்ச் சேர்ந்தால், மழையில் மேடை சரிந்து கிடந்தது. கூட்டமோ திரண்டிருந்தது. வண்டியைத் திடலின் நடுவே விடச் செய்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கரும்பொன்னின் முகப்பின் மேல் ஏறி நின்றேன். மக்கள் வண்டியைச் சூழ அமர்ந்தார்கள். அம்மையார் ஓட்டுநர் இருக்கையில், நெஞ்சில் குத்திய செவிலிக் கடிகாரத்தோடு, அமர்ந்திருந்தார்.

ஐந்து மணி ஆனது எனக்குத் தெரியும். கைதட்டலில் தெரியாததுபோல இருந்தேன். சிறிது பொழுதில் என் காலடியில் இரும்பு அதிர்ந்தது. ஒருமுறை. பிறகு இன்னொருமுறை. பிறகு மூன்றாம் முறை, நீண்டு. ஒரு மணிநேரமாக அணைந்து குளிர்ந்து கிடந்த எந்திரம் அது. திறவுகோல் அவர் மடியில் கிடந்ததை நான் குனிந்து பார்த்தேன். முன்வரிசையில் இருந்த சிலர் எழுந்து பின்வாங்கினார்கள்.

அம்மையாரின் முகம் வெளுத்திருந்தது. வண்டியின் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலாகக் கையை நீட்டி முகப்பைத் தொட்டார்.

"அண்ணே, போதும். எறங்குங்க. வண்டி கூப்பிடுது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். "தமிழ் கேட்டுச் சப்பான் நாட்டு இரும்பே அதிர்கிறது, நீங்கள் அமர்ந்திருக்கலாமா?" என்றேன். இடிபோல் ஆரவாரம். அந்த ஆரவாரத்தை உண்டு மேலும் ஒரு மணிநேரம் பேசினேன். சூழ்ந்திருந்த முந்நூறு பேரை மிதித்துக்கொண்டு அவரால் வண்டியை எடுக்க முடியாது. நான் இறங்கினால்தான் கரும்பொன் நகரும். அவர் இன்னும் இருமுறை என் வேட்டி விளிம்பை இழுத்தார். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அவர் சேற்றை மட்டுமே பார்த்து வண்டியை விரட்டினார். ஒரே ஒரு முறை, "அஞ்சு பத்து அண்ணே. அது செருமுனப்ப மணி அஞ்சு பத்து" என்றார்.

ஆமத்தூரை நெருங்கும்போது நன்றாக இருட்டியிருந்தது. மேற்கே கரிசல் காட்டின் மேல், தணல் வெளிச்சத்தில், வெண்புகை அசையாமல் நின்றது. பனைமரத்தடியில் வண்டி நின்றதும் ஆட்கள் ஓடிவந்தார்கள். வெடிமருந்து கலக்கும் அறை வெடித்திருந்தது. முத்துப்பேச்சி என்னும் பெண்ணை நார்க்கட்டிலில் கிடத்தி, வாழையிலை போர்த்திக் கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. எந்திரமோ அன்று பாய்ந்து வந்த சூட்டில் அணைத்தபின்னும் செருமிக்கொண்டேயிருந்தது. காட்டில் மருந்து சிதறிக் கிடந்ததால் ஒருவரும் கிட்ட வர அஞ்சினர். அம்மையார் இரு கைகளையும் முகப்பில் பதித்து நின்றார். இரும்பு அடங்கியபோது அவர் உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன.

"எத்தன மணிக்கு வெடிச்சது?" என்று நான் தொழிற்கூடத்துக் கணக்கப்பிள்ளையைக் கேட்டேன்.

"அஞ்சு பத்துங்க."

முத்துப்பேச்சியின் கணவர் கருப்பசாமி கட்டில் காலைப் பிடித்தபடி அம்மையாரை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வெடிச்சு ரெண்டு மணி நேரமாச்சே தாயி. ஏன் இம்புட்டு நேரம்?"

அம்மையார் என் பக்கம் திரும்பவில்லை.

"வண்டி கெளம்பலய்யா."

நாவரசு என்று நீங்கள் அழைத்த என் நாக்கு அப்போது மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. பின்பலகையில் முத்துப்பேச்சியைக் கிடத்தி, கணவரை அருகே இருத்தி, வண்டி விருதுநகர் நோக்கிப் போயிற்று. எனக்கு அதில் இடமில்லை. நான் பனையடியில் நின்றேன். விருதுநகர் இரயில்வே கேட்டை நெருங்குகையில் முத்துப்பேச்சி உயிர் பிரிந்தது. அரைமணி முந்தியிருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை அம்மையார் எனக்கு மறைக்கவில்லை.

அதன்பின் நிகழ்ந்தது உங்களுக்கே தெரியும். வெடித்த கணத்தில் வண்டி தானாகச் செருமியது என்ற பேச்சு மல்லாங்கிணற்றிலிருந்து பரவியது. வேண்டிய நேரத்தில் கிளம்ப மறுத்தது என்ற பேச்சு ஆமத்தூரிலிருந்து பரவியது. இரண்டும் சேர்ந்து, செத்த சப்பான்காரன் அதில் குடியிருந்து உயிர் கேட்கிறான் என்று ஆயிற்று. பேறுகாலத்தில் அதில் ஏற மறுத்துச் சேற்றில் மாட்டுவண்டியில் போன பெண்கள் உண்டு. அவர்களுள் சிலர் உயிரோடு திரும்பவில்லை.

ஓராண்டு கழித்து அவரிடம் சென்றேன். கொட்டகையில் விளக்கெண்ணெய்த் துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"ஒங்க பேரச் சொல்லியிருந்தா அங்கனயே ஒங்கள வகுந்திருப்பாக. வண்டிக்கு என்ன, தாங்கும்னு நெனச்சேன்." துணியை மடித்தபடி சொன்னார்: "சனங்க வண்டியவிட்டு வெலகுவாகன்னு நெனக்கல அண்ணே. அது என் தப்பு."

"நான் மேடையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்."

"வேண்டாம். பொய் சொன்ன நர்சு கையால ஊசி போட்டுக்க எவ வருவா? நான் இருக்க மட்டும் பேசாம இருங்க. அப்புறம் ஒங்க இட்டம்."

நான் அதைப் பற்றிக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டதால் வாய் மூடினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எளிதாக இருந்தது. இன்று அவர் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் என் முறை வந்து ஒரு பிடி கரிசல் மண் போட்டபோது, வாய் மூடிக்கொள்ள எனக்கு வேறு காரணம் இல்லை என்று உணர்ந்தேன். எனவே சொல்கிறேன். கருப்பசாமி அவர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு இது விடை: வண்டி கிளம்ப மறுக்கவில்லை. கிளம்பு என்று அதுவே மூன்று முறை சொன்னது. அதன் நெற்றியின் மேல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

மருந்தகத்தார் கரும்பொன்னைப் பழைய இரும்புக்குப் போட எண்ணுகிறார்கள் என்று கேள்வி. அதை ஓட்டத் தெரிந்தவர் இனி இல்லை. அது அவர்கள் முடிவு. ஆனால் பேய் பிடித்த வண்டி என்று சொல்லி அதை உடைக்காதீர்கள். கொட்டகைக்குள் சென்று ஒருமுறை அதன் முகப்பில் கைவைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன். சவரிமுத்து சொன்னது மெய்யா என்று என்னைக் கேட்காதீர்கள். என் கை நெடுநேரம் அதை விட்டு அகலவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

என் பொழிவுகள் குறுகிவிட்டன, அகவை ஏறிவிட்டது என்று நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். அகவை அன்று. எந்த ஊர் மேடையாயினும், மரப்பலகையாயினும் கல்லாயினும், ஒரு மணிநேரம் கடந்ததும் என் வெற்றுக் காலடியில் ஓர் அதிர்வு எழுகிறது. ஒருமுறை. பிறகு இன்னொருமுறை. எசுத்தர் அம்மையார் எனக்கு விட்டுச் சென்றது அதுவே. மூன்றாவது வரும்வரை நான் நிற்பதில்லை. சொல் பாதியில் இருந்தாலும் இறங்கிவிடுகிறேன்.