உடனிருந்தவர்கள் என்ற கட்டம்

அன்று பிலோமினா வீட்டில் இருந்தவர்கள்: பிலோமினா, அவள் மாமியார், லெக்சரர் சுகிர்தம் அம்மா, மதராஸிலிருந்து வந்த மாணவி சரோஜா, வீடு காட்ட வந்த லூர்தம்மாள், வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் மூன்று பேர், நான். ஆக ஒன்பது பேர். இதை நினைவிலிருந்து சொல்லவில்லை. அன்று நான் எழுதிய செட்யூலில் இருக்கிறது.

செட்யூல் என்பது வீடு வீடாகக் கேட்டு நிரப்பும் கேள்வித்தாள். அதன் முதல் கட்டம் 'உடனிருந்தவர்கள்', கடைசிக் கட்டம் 'கடன் பாக்கி'.

குளச்சல் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம் அது. சுகிர்தம் அம்மா மதராஸில் சமூகப்பணி லெக்சரர். சொந்த ஊர் நாகர்கோவில். கடலோரக் குடும்பங்களின் கடன்தான் அவருடைய ஆராய்ச்சி. அவர் கொடுக்கும் கணக்கைப் பார்த்து, வலை வாங்கக் கடன் தரும் கூட்டுறவுச் சங்கத்தை எந்தக் கடற்கரையில் திறப்பது என்று சர்க்கார் முடிவு செய்வதாக இருந்தது.

நான் மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள். கடற்கரைப் பேச்சு தெரியும், கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். கேட்பதும் எழுதுவதும் நான். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் எட்டிப் பார்த்தவர்களைக்கூட முதல் கட்டத்தில் எழுதிவிடுவேன். சரோஜாவுக்குச் சிரிப்பு. "அந்த நாயையும் எழுதிடுங்க தங்கம், பாவம், விட்டுப்போச்சு" என்பாள்.

லூர்தம்மாள் மீன் வியாபாரி. முதல் நாளே சுகிர்தம் அம்மாவின் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக அழைத்துப் போனாள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். நல்ல துணை கிடைத்தது என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

பிலோமினாவிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "கடன் ஏதாவது உண்டா அக்கா?"

"இல்ல பிள்ளே. ஆண்டவர் புண்ணியத்துல ஒண்ணும் இல்ல."

"இவளுக்கு என்னத்துக்குக் கடன்?" என்றாள் லூர்தம்மாள். "இவ மாப்பிள வலை போட்டா கடலே காலியாக்கும்."

வேலியோரம் சிரிப்பு எழுந்தது. நான் 'இல்லை' என்று எழுதினேன்.

நாற்பது வீடு முடித்துக் கணக்குப் பார்த்தபோது முப்பத்தொரு வீட்டில் 'இல்லை'. அம்மா முகம் வாடிவிட்டது. "இதைக் குடுத்தா சங்கம் வேற கடற்கரைக்குப் போயிரும்" என்றார். "அதுக்காக இல்லாத கடனை எழுத முடியுமா?"

என் எழுத்தில்தான் பிழை இருக்கும் என்று நினைத்தேன். நாற்பது தாளையும் முதல் கட்டத்திலிருந்து மறுபடி படித்தேன். கடன் உண்டு என்ற ஒன்பது வீட்டிலும் முதல் கட்டத்தில் லூர்தம்மாள் பெயர் இல்லை. அவள் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு முட்டம் போயிருந்த இரண்டு நாளில் பார்த்த வீடுகள் அவை. கடைசிக் கட்டத்தில் ஒன்பது பேரும் கடன் கொடுத்தவளாகச் சொன்னது அவளைத்தான். 'இல்லை' என்ற முப்பத்தொரு வீட்டிலும் அவள் கூட இருந்தாள்.

பயந்து பயந்துதான் அம்மாவிடம் காட்டினேன். தாள்களை வாங்கி முதல் கட்டத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "தனியா வச்சுக் கேக்கணும்னு வருஷா வருஷம் பாடம் நடத்துறேன் தங்கம். கடன் குடுத்தவளையே குடை பிடிக்க வச்சுக் கேட்டிருக்கேன்" என்றார்.

வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் ஊர் வேறு கதை கட்டும். சந்தைக்குப் போகிற வழியில் கேட்கலாம் என்று நான்தான் சொன்னேன். பிலோமினா தலையில் மீன் கடவத்தோடு திங்கள்சந்தைக்கு ஓட்டமும் நடையுமாகப் போவாள். நான் பக்கத்தில் ஓடினேன்.

"ஏட்டி, ஓடிக்கிட்டே எழுதுவியா?"

"நீங்க சொல்லுங்க அக்கா. மனசுல வச்சு அங்க போய் எழுதிக்கிடுவேன். அன்னைக்குக் கடன் இல்லேன்னியளே, நெசந்தானா?"

"அவ முன்னால எப்பிடிச் சொல்லுவேன்? வலை கிழிஞ்ச அன்னைக்கு எண்ணிக் குடுத்தவ. நாலு பேரு கேக்க கடன்னு சொன்னா அவளை வட்டிக்காரின்னு ஏசினதாட்டு ஆவும். பொறவு ஆடியில கடலடிச்சு வள்ளம் எறங்காதப்பம் அரிசிக்கு ஆருகிட்ட போவேன்?"

"இப்பம் சொல்லுகியளே?"

"இஞ்ச கேக்க ஆரு இருக்கா? கடவத்துல மீனு உண்டு. அது செத்தாச்சு."

கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். "எழுதினா சங்கம் வருமா பிள்ளே?"

"வரும்னுதான் அம்மா சொல்லுகாவ."

முப்பத்தொரு வீட்டையும் இப்படியே சந்தை வழியில் கேட்டு முடித்தோம். லூர்தம்மாள் பெயரை அம்மா ரிப்போர்ட்டில் எங்கும் போடவில்லை. அடுத்த வருஷம் சங்கம் குளச்சலில்தான் திறந்தது. அதன் பிறகு ஃபீல்டு வொர்க்குக்கு வந்த மாணவிகளைப் பழக்கும் வேலையை அம்மா என்னிடம் விட்டார். மூன்றாம் பாரம் என்று தயங்கினேன். ஆனால் அந்த ஒரு பாடத்தை நடத்த எனக்குத் தயக்கம் வந்ததே இல்லை. பதிலைப் படிக்குமுன் அது யார் முன்னால் சொன்னது என்று படியுங்கள். துணைக்கு வருகிறவர் பெயரையும் எழுதுங்கள்.

பிலோமினாவின் இரண்டு தாளையும், பெயரை மறைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். முதல் தாளில் ஒன்பது பேர், கடன் இல்லை. இரண்டாவது, திங்கள்சந்தை மைல்கல்லில் உட்கார்ந்து எழுதியது. உடனிருந்தவர்கள்: யாரும் இல்லை. கடன் பாக்கி: நூற்று அறுபத்தைந்து ரூபாய்.