பெல்ட்டக்காவும் வாடகை வலையும்

ஓசைப்படாமல் பின்னால் வந்து தொழிலாளியின் இடுப்பிலுள்ள பாதுகாப்புப் பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறார். பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டியிருப்பவர் அசைவதில்லை. மாட்டாதவர் இரண்டடி பின்வாங்கி அவர் மேலேயே சாய்கிறார். "நான் பிடிச்சேன். ஆத்துத் தண்ணி பிடிக்காது," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போகிறார்.

ஆற்றின் குறுக்கே பாலம் எழும் அந்த இடத்தில் அவர் எல்லாருக்கும் பெல்ட்டக்கா. பதவிப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது: அரசும் ஒப்பந்த நிறுவனமும் கைகோத்து நடத்தும் தொழிலாளர் பாதுகாப்புக் கூட்டுத் திட்டத்தின் மேற்பார்வையாளர். தலைக்கவசத்தில் முன்பக்கம் அரசு முத்திரை, பின்பக்கம் நிறுவன முத்திரை. "யார் திட்டறாங்களோ, அவங்களுக்கு மத்தவங்க முத்திரையைக் காட்டிருவேன்." ஊதலும் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய குரலுக்கு இரண்டுமே தேவையில்லை.

வீட்டிலும் இதே வேலைதான். தையல்காரரான கணவர் பல்பு மாற்ற முக்காலியில் ஏறினால் போதும். "இறங்குங்க. முக்காலி ஆடுது."

"முக்காலி ஆடலைம்மா. நீ கத்துறதுல நான்தான் ஆடறேன்."

மழைக்கு முன்பு கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர் பாலத்தின் விளிம்பிலிருந்து விழுந்தார். கொக்கியை ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தார். அதை மாட்டிய கம்பியே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. உயிர் பிழைத்தது, கால்கள் இரண்டும் போயின. மருத்துவமனையில் பெல்ட்டக்காவைப் பார்த்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "அக்கா, நான் பெல்ட்டு போட்டிருந்தேன்."

இதை என்னிடம் சொன்னபோது பெல்ட்டக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

அன்று முதல் பாலத்துக்கு அடியில் வலை கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டுத் திட்டத்தின் கூட்டம் மாதந்தோறும் தவறாமல் நடக்கும். பிஸ்கட் நல்ல பிஸ்கட். "அவங்க எழுதிக் குடுத்தா நாளைக்கே கட்டிடறோம்," என்பார் நிறுவன மேலாளர். "அவங்க கேட்டா இன்னிக்கே எழுதிக் குடுத்துடறோம்," என்பார் அரசுப் பொறியாளர். இருவரும் புன்னகையோடு கைகுலுக்குவார்கள். பொறுப்பு இருவருக்கும் பொது என்று ஒப்பந்தம் சொல்கிறது. தன்னுடையதல்லாத பாதி எது என்பதில்தான் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

பாதுகாப்பு வாரம் வந்தது. துறையின் பெரிய அதிகாரி பாலத்தின் மேல் நடந்து பார்ப்பதாக அறிவிப்பு. மறுநாளே வலை வந்து இறங்கியது. யார் எழுதினார்கள், யார் கேட்டார்கள் என்ற பேச்சே எழவில்லை. அதிகாரி நடக்கப்போகும் பகுதிக்குக் கீழே மட்டும் இறுக்கிக் கட்டினார்கள். அவர் வந்தார், நடந்தார், தொழிலாளியின் உயிர் விலைமதிப்பற்றது என்று பேசினார், போனார். கார் திரும்புவதற்குள் மேலாளர் ஆட்களைக் கூப்பிட்டார். "வலையை அவிழ்த்துடுங்க. வாடகை வலை, சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்."

பெல்ட்டக்கா தன் கொக்கியை மாட்டிக்கொண்டு ஏணி வழியாக இறங்கி வலையின் நடுவில் போய் உட்கார்ந்தார். அவருடைய கனத்துக்கு வலை நன்றாகத் தொய்ந்து நின்றது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "அக்கா, என்ன பண்றீங்க? மேல வாங்க."

"வலையில ஆள் இருக்கும்போது அவிழ்க்கக் கூடாது சார். நாலாவது விதி."

"யார் போட்ட விதி?"

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து போட்டதுதான். கூட்டத்துல கைதட்டினீங்களே."

பொறியாளரும் வந்து எட்டிப் பார்த்தார். "உங்களுக்கு அரசுதானே மேலிடம்? நான் சொல்றேன், ஏறுங்க." பெல்ட்டக்கா தலைக்கவசத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மேலே கம்பி கட்டுபவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் திடீரென்று அந்தப் பகுதியில்தான் வேலை இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று. வலைக்காரரின் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. மேலாளரும் பொறியாளரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள், தத்தம் மேலிடங்களுக்குப் போன் போட்டார்கள். கடைசியில் வேலை முடியும்வரை வலை இருக்கும், விளிம்பு முழுக்க நீளும் என்று ஒரே தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டுத் திட்டத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. தாளைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள்.

பெல்ட்டக்கா அதை இரண்டு தரம் படித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இப்பவாவது ஏறி வாங்கக்கா," என்றார் மேலாளர், அலுத்துப்போன குரலில்.

"மீதி விளிம்புக்கும் வலை வரட்டும் சார்," என்று சொல்லிவிட்டுப் பெல்ட்டக்கா ஷூவின் கயிறுகளை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றி வலைமேல் அருகருகே வைத்தார். ஆற்றுக்கு மேலே கால் நீட்டிப் படுத்துக்கொண்டார்.