தம்பி பெயருக்கு வந்த காசோலை

தம்பி மனைவி ஆலங்குடியிலிருந்து பஸ் ஏறி புதுக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. பையில் நாலு தேங்காய், அதற்கு மேல் பிரித்த தபால் உறை ஒன்று. உள்ளே என் தம்பி பெயருக்கு வருமான வரி ரீஃபண்ட், காசோலையாக.

"பேங்க்லயே ஏறிடும்னுதான அண்ணி அவுக சொன்னாக. இது ஏன் செக்கா வந்திருக்கு?"

"சில பேருக்கு அப்படித்தான் வரும்" என்றேன். பொய். ஏன் அப்படி வந்தது என்று உறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி துபாய் போவதற்கு முன் திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். சம்பளத்தில் வரியைக் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்க விண்ணப்பம் போட்டது நான்தான். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலை எனக்கு. ஜூலை வந்தால் வாத்தியார்கள் எல்லாம் என் மேஜையைச் சுற்றித்தான் நிற்பார்கள். எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்பேர்ப்பட்டவள், பணம் போய்ச் சேர வேண்டிய வங்கிக் கணக்கு என்ற இடத்தில் என்னுடைய கணக்கு எண்ணை அடித்தேன்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. வெளியூர் போன பையன்களின் பணம், வீட்டில் யாருக்குப் பேங்க் பழக்கம் உண்டோ அவர்கள் கணக்குக்குத்தான் வரும். தம்பியின் முதல் சம்பளத்திலிருந்தே அது என் கணக்குக்கு வந்தது. ஆத்தாவின் வைத்தியம், கரெண்ட் பில், அவன் கல்யாணம், எல்லாம் என் கை வழியாகத்தான் நடந்தது. அவன் காசில் நான் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஆனால் அரசாங்கக் கம்ப்யூட்டருக்கு அக்கா தம்பி எல்லாம் தெரியாது. பெயர் ஒன்று, கணக்கு வேறொருவருடையது என்றதும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. அந்தச் சமயத்தில் அப்படித் திரும்பினால் காசோலை அடித்து வீட்டு விலாசத்துக்கே அனுப்புவார்கள்.

மறதியில் அடித்துவிட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறதியெல்லாம் இல்லை. கல்யாணமானதும் அவனும் அவளும் சேர்ந்து ஒரு கணக்கு ஆரம்பித்தார்கள். அந்த எண்ணை வாட்ஸப்பில் அனுப்பி, "இனிமே பணம் எது வந்தாலும் இதுல போடச் சொல்லுக்கா" என்று எழுதியிருந்தான். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலுக்கு அனுப்பினேன். விண்ணப்பம் போடும்போது அந்த எண் பக்கத்தில் போனில் திறந்தபடியே கிடந்தது. எனக்குப் பொறாமை. நேற்று வந்தவளுக்கு நேராகப் போய்விடுமா என்று ஒரு எரிச்சல். பணம் வந்திருந்தால் மறுநாளே எடுத்து அவளிடம் கொடுத்திருப்பேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நான் கொடுத்து அவள் வாங்க வேண்டும்.

காபி கொண்டுவந்து வைத்தேன். அவள் விடவில்லை.

"நம்பர் சரியா இல்லாட்டித்தான் இப்புடி செக்கா வரும்னு போஸ்ட்மேன் சொன்னாரு அண்ணி."

"போஸ்ட்மேனுக்கு என்ன தெரியும்? அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு."

"நீங்க எந்த நம்பரக் குடுத்தீங்க?"

"ஒங்க நம்பரத்தான். வேற எந்த நம்பரக் குடுப்பேன்?" குரல் எனக்கே கொஞ்சம் உயரமாகக் கேட்டது.

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பையிலிருந்து பாஸ்புத்தகத்தையும், செக்குப் போடும் சலானையும் எடுத்து, "இத மட்டும் எழுதிக் குடுங்க. திங்கக்கெழம போட்டுடுறேன்" என்றாள். பாஸ்புத்தகத்தைப் பார்த்து எண்ணை ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து, சலானை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அவுக ஒங்களுக்கு நம்பர் அனுப்புனப்ப, இதப் பாத்துப் படிச்சதே நான்தான் அண்ணி. ரெண்டு தடவ சரிபாத்துத்தான் அனுப்புனோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வாய்க்கு நான் யாரிடமும் தோற்றவள் இல்லை. அவள் சாதாரணமாகச் சொன்னாள். வந்ததிலிருந்து மூன்று தடவை நான் உண்மையைச் சொல்ல வழிவிட்டிருக்கிறாள், மூன்று தடவையும் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறேன்.

"அவுககிட்ட நான் எதுவும் சொல்லல. பேங்க்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிட்டேன். ஆத்தாவுக்கு அடுத்து ஒங்களத்தான் நெனைச்சுக்கிட்டிருக்காக. நான் வாரேன் அண்ணி."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போயிருக்கலாம். வாசலோடு நின்றுவிட்டேன்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

"செக்கு வந்துருச்சாம்லக்கா. பேங்க்காரங்க ஏதோ சொதப்பிட்டாங்களாம். நீ பாத்துக்குவேன்னு நான் அதப்பத்திக் கவலையே படல."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஆமாப்பா, பேங்க் கோளாறுதான்" என்றேன்.